பரிசில் வேண்டலும் ஆய்வுநிதி வேண்டலும்

பொருள் வேண்டுவோர் தம் தகுதியை எங்ஙனம் புலப்படுத்தல் வேண்டும் என்னும் வினா இன்றைய ஆய்வுலகிற்குப் புதியதன்று. ஆய்வுநிதி நாடி எழுதப்படும் முன்மொழிவுகள் பழைய பரிசில் துறையின் வழிவந்தனவே எனலாம். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைச் சார்ந்த புறநானூற்றுப் பாடல்கள் மூன்று இதனை நன்கு விளக்கும். தகடூர் இற்றைத் தருமபுரி, மொரப்பூர் அம்மாவட்டத்தது. அஞ்சியின் கொடை பாட்டளவில் நின்றதன்று. அவன் ஈந்த குகையிருக்கை ஒன்றினை 1981இல் அறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டுக் குறிக்கின்றது.

101ஆம் பாட்டில், பரிசில் காலந்தாழ்ப்பினும் யானையின் கொம்புகட்கிடையே உள்ள உணவேபோல் அது தவறாது என்கின்றார் ஔவையார். இது புகழ்ச்சியாகத் தோன்றினும், அந்நம்பிக்கையைக் காத்தல் கொடுப்போன் கடன் என்பதனையும் குறிப்பால் உணர்த்தும். 206இல் வாயில் காவலனை விளித்து, அரசன் தன் பெருமையையும் எம் தரத்தையும் மறந்தனனோ என வினவுகின்றார். தொழில்வல்ல தச்சச் சிறுவர்க்குக் காடு உதவுமாறுபோலக் கற்றோர்க்கு எத்திசையும் உணவுண்டு என்பது அவர் துணிபு. 208இல் பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாதே அரசன் விடுத்த பொருளை ஏலாது மறுக்கின்றார். தம் அளவறிந்து தரின் மிகச் சிறிதும் இனிது என்பது அவர் கருத்து.

ஆகவே, கொடுப்போன்பால் நம்பிக்கை, தன் திறனறிவு, ஆராயப்படுதலில் விருப்பம் என மூன்றும் வேண்டுதற்குரிய இலக்கணம் என்க. இன்றைய முன்மொழிவுகள் பலவற்றுள் முதலாவது மட்டுமே, அதுவும் முகமனாய்த் திரிந்து, மிக்குக் காணப்படுகின்றது. மொரப்பூர்ப் பகுதி நடுகற்களை ஆராயப் புகும் இளைஞர் ஒருவரைக் கொள்வோம். தமிழர் தொன்மையை உலகறியச் செய்வேன் என்பது எவரையும் இணங்குவியாது. எவ்வூர்கள், எத்துணைக் கற்கள், மைப்படி எடுப்போர் யாவர், காலமும் செலவும் எவ்வளவு, முன்னையோர் விட்ட குறை யாது என்பனவே அவர் திறனைக் காட்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். ஔவையார்க்கு வேறு வாயில்கள் பல இருந்தன. இன்றைய ஆய்வாளர்க்கோ, 1972இல் தோன்றிய இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் போன்ற வாயில்கள் சிலவே. ஆதலின் ஔவையாரின் பெருமிதத்தை இளையோரிடம் மட்டும் எதிர்பார்த்தல் முறையன்று. முன்மொழிவை முற்றப் படித்து, மறுப்பின் காரணமும் கூறுதல் நிதி நல்குவோர் கடனாகும். காணாது மறுத்தல், பெருஞ்சித்திரனார் வெறுத்த காணாது ஈதலினும் கொடிது.