மரம் யாருடையது, மகசூல் யாருக்கு?

சுற்றுச்சூழலைக் காத்தால் கிராமத்து வறுமையும் கூடவே குறையும் என்ற வாக்குறுதிக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஆப்பிரிக்காவில் யானைகளைக் காக்கவும் தமிழ்நாட்டில் கண்மாய்க்குள் மரம் வளர்க்கவும் இந்த வாக்குறுதியைக் காட்டித்தான் பணம் திரட்டினார்கள். அதை உரசிப் பார்க்க கயத்தாறு, கோவில்பட்டி, விளாத்திகுளம் சுற்றிய கரிசல் பூமி நல்ல உரைகல். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் மானாவாரி நிலம் இது. சமூகக் காடு, காற்றாலை, மான் சரணாலயம், சீமைக்கருவேல ஒழிப்பு, குடிமராமத்து என்று பசுமையின் பெயரால் வந்த எல்லாவற்றையும் பார்த்த ஊர்கள் இவை. ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். கூலிக்கு மேல் ஏழைக்கு என்ன கிடைத்தது? மகசூலின் உரிமை யார் கையில்? நட்டம் யார் தலையில்?

முதலில் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடியில் கயத்தாற்றைப் புரட்டி எடுக்கும். டென்மார்க்கின் உதவியோடு அமைந்த காற்றாலைச் சோதனை நிலையம் இங்கேதான் இருக்கிறது. கயத்தாறு, முப்பந்தல் போன்ற இடங்களில் தொடங்கிய காற்றாலைகள் பெருகி, இன்று தமிழகத்தின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கரியமில வாயுவைக் குறைத்த கணக்கில் இது பெரிய சாதனை. வறுமைக் கணக்கு வேறு. காற்றாலை நட்டவர்களுக்கு 1990களில், முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை இருந்தது. நூற்பாலைகளும் பிற தொழில் நிறுவனங்களும் தங்கள் மின் தேவைக்காகவும் வரிக்காகவும் இங்கே முதலீடு செய்தன. நிலத்தை விற்ற சம்சாரிக்கு ஒருமுறை விலை கிடைத்தது. மழை பொய்த்த நிலத்துக்குக் கடனை அடைக்கும் அளவுக்கு விலை வந்ததை நல்லது என்றே சொல்ல வேண்டும். ஆனால் காற்று ஆண்டுதோறும் வீசுகிறது, அதில் ஊருக்குப் பங்கு எழுதப்படவில்லை. நிலமில்லாதவருக்கு மிஞ்சியது சில காவலாளி வேலைகள். இதில் காற்றாலை இயந்திரத்தின் மேல் குறையில்லை, ஒப்பந்தத்தின் மேல்தான் குறை.

அடுத்து மரம். 1981இல் சுவீடன் நாட்டு நிதியோடு தமிழகத்தில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் நாட்டுக் கருவேலம் நடப்பட்டது. கிராமத்து ஏழைக்கு விறகும் தீவனமும் கிடைக்கும் என்பது நோக்கம். மரம் நிமிர்ந்ததும் நடந்தது ஏலம். பணம் ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் பிரிந்தது, மரம் லாரியில் ஏறியது. கன்று பிடிக்கும்வரை ஆடு நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்கும், சுள்ளி பொறுக்கிய பெண்களுக்கும் அந்த ஏலத்தில் பேர் இல்லை. நட்ட நாளில் கூலி கிடைத்தது உண்மை. அந்தக் கூலியை ரோடு போட்டிருந்தாலும் கொடுத்திருக்கலாம்.

சூழலுக்கு நல்லதுதான் ஏழைக்கும் நல்லது என்ற வாதத்துக்கு நேர் எதிரான சாட்சி சீமைக்கருவேலம். 1870களில் விறகுப் பஞ்சத்துக்கு மாற்றாகச் சென்னை மாகாணத்துக்குள் வந்த இந்த மரம், தரிசையும் கண்மாயையும் ஓடையையும் வளைத்துக்கொண்டது. புல்லை ஒழித்தது, நீர்வரத்தை அடைத்தது. சூழலுக்குக் கேடு என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் பஞ்ச காலத்தில் விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் அடுப்பு எரிந்தது இதை வெட்டி மூட்டம் போட்ட கரியால்தான். விதைக்கவோ தண்ணீர் பாய்ச்சவோ வேண்டாம், யாரிடமும் கேட்காமல் வெட்டவும் முடிந்தது. ஏழைக்கு உதவியதே அந்தக் கடைசி வசதிதான். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை அரசு வெளியிட்டது. தூரோடு பிடுங்கும் ஜேசிபி சூழலுக்கு நல்லது செய்கிறது, கரி மூட்டக்காரரின் பிழைப்பையும் அதே வாளியில் அள்ளிக்கொண்டு போகிறது.

இதே மரம் கென்யாவின் பாரிங்கோ பகுதிக்கு 1980களில் வளர்ச்சித் திட்டமாகப் போனது. அங்கே மேய்ச்சல் நிலத்தை அது விழுங்கியது. இனிப்பான காயைத் தின்ற ஆடுகளுக்குப் பல் கொட்டியது. 2006இல் அப்பகுதியின் இல்சாமுஸ் மக்கள் பல்லில்லாத ஓர் ஆட்டை நீதிமன்றத்துக்கே கூட்டிப்போய் நட்டஈடு கேட்டார்கள். ஒரே மரம் இங்கே கரி வெட்டுபவரைக் காப்பாற்றியது, அங்கே மேய்ப்பவரைக் கெடுத்தது. சூழலுக்கு நல்லது ஏழைக்கு நல்லது என்பதற்கும், சூழலுக்குக் கெட்டது ஏழைக்குக் கெட்டது என்பதற்கும் தானாக இயங்கும் விதி எதுவும் கிடையாது.

மூன்றாவது கேள்வி நட்டம் பற்றியது. கயத்தாற்றுக்குத் தெற்கே, வெளிமான்களுக்காக வல்லநாடு சரணாலயம் 1987இல் அறிவிக்கப்பட்டது. 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். வெளிமான் காக்கப்பட வேண்டியதே. ஆனால் சரணாலயத்தின் எல்லை மானுக்குத் தெரியாது. இரவில் வயலுக்கு வரும் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் பழைய சேலையை வேலியாகக் கட்டிக் காவல் இருப்பவர் சிறு சம்சாரி. நாட்டுக்குப் பெருமை, அவருக்கு ராத்தூக்கம் நட்டம். ஜிம்பாப்வேயின் கேம்ப்ஃபயர் திட்டம் இதை மாற்ற முயன்றது. வேட்டை உரிமத்தில் வரும் பணத்தில் விலங்கோடு வாழும் ஊருக்குப் பங்கு என்றார்கள். கணிசமான பகுதியை மாவட்டக் குழுக்களே வைத்துக்கொண்டதால் வீட்டுக்கு வந்த தொகை பல இடங்களில் சொற்பமாகிப் போனது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று நைஜர். அங்கே மரம் அரசின் சொத்தாக இருந்த காலத்தில், நிலத்தில் தானே முளைத்ததைக்கூட விவசாயி பிடுங்கிப் போட்டார். 1980களுக்குப் பிறகு நடைமுறையில் அவை உழுபவரின் மரங்களாயின. புதிதாக எதையும் நடாமல், பழைய தூரிலிருந்து தழைத்ததைக் காத்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. விறகும் தீவனமும் வீட்டுக்கு வந்தன. பாதுகாப்பும் வறுமை ஒழிப்பும் சேர்ந்து நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் அரிது. ஆனால் அங்கே முதலில் மாறியது உரிமை, மரம் அதன் பின்னால் வந்தது.

கரிசலில் இந்தப் பாடம் அரைகுறையாகவே ஏறியிருக்கிறது. 2017இல் புத்துயிர் பெற்ற குடிமராமத்து, ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களிடம் கண்மாய் வேலையை ஒப்படைத்தது. ஒப்பந்ததாரரைவிட இது மேல். ஆனால் கண்மாய்த் தண்ணீரின் பலன் நிலத்தின் அளவுக்கு ஏற்பவே பிரியும். ஐந்து ஏக்கருக்கு ஐந்து பங்கு, ஏக்கர் இல்லாதவருக்குப் பங்கே இல்லை. நிலமற்ற தலித் குடும்பத்துக்கு அதே கண்மாயில் மீன், கரை மரம், புல் ஆகியவற்றில் உரிமை எழுதித் தந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

இயற்கையைக் காப்பதற்கு வறுமையைக் காரணம் காட்ட வேண்டியதில்லை, அதற்கென்று தனி மதிப்பு உண்டு என்று சிலர் சொல்வார்கள். முழுக்கச் சரி. அப்படியானால் அதன் பெயராலேயே நிதி கேட்கட்டும். ஏழையின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டித் தேர்ச்சி கேட்பதுதான் தவறு.

என் தீர்ப்பு இது. சூழல் பாதுகாப்புக்கும் வறுமைக் குறைப்புக்கும் இயல்பான உறவு இல்லை, உரிமை எழுதிய இடத்தில் மட்டும் அந்த உறவு உண்டாகிறது. ஆகவே வறுமை ஒழிப்பைச் சொல்லி வரும் எந்தப் பசுமைத் திட்டமும் முதல் கன்றை நடுவதற்கு முன் மூன்றை அரசாணையில் எழுத வேண்டும்: மகசூலில் நிலமற்றவரின் பங்கு, பயிர்ச் சேதத்துக்கு உடனடி இழப்பீடு, காற்றாலையானால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஊராட்சிக்குச் சேரும் காசு. இவை இல்லாத திட்டம் நல்ல சூழல் திட்டமாக இருக்கலாம். அதை வறுமை ஒழிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.