முற்றும் போடத் தெரியாதவர்கள்

தொலைக்காட்சிக் கதைகளைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டு வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். 'அந்தக் குப்பையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேள்வியிலேயே தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடும். குப்பை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. நானும் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன்தானே? நல்ல கட்டத்தில் கதையை நிறுத்தி, 'தொடரும்' என்று போடுகிற தந்திரம் பத்திரிகையில் எங்கள் கைக்குப் பழகியது. பெட்டிக்காரர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

டில்லியில் 1959 செப்டம்பர் 15-ம் தேதி பரிசோதனையாக ஆரம்பித்த தொலைக்காட்சி, சென்னைக்கு வந்து சேர 16 வருஷம் பிடித்தது. 1975 ஆகஸ்டு 15-ல் இங்கே நிலையம் திறந்தார்கள். 'வயலும் வாழ்வும்' போன்றவற்றை நல்ல எண்ணத்தோடுதான் ஒளிபரப்பினார்கள். ஆனால் கூட்டம் சேர்ந்தது வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க. நான் சிறு பையனாக இருந்தபோது அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கே ஒரு பெட்டிதான். சினிமாப் பாட்டு அரைமணி நேரம் ஓடும். அந்த வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிராது. தமிழ்த் தொலைக்காட்சி பிறந்த சில வருஷங்களிலேயே சினிமா வீட்டுக்குத் தத்துப் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

இருந்தாலும் அந்த நாளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தூர்தர்ஷனில் ஒரு தொடருக்குப் பெரும்பாலும் 13 வாரம் கொடுப்பார்கள். அதற்குள் கதையைச் சொல்லி முடித்தாக வேண்டும். ஆர். கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் 1986-ல் 'மால்குடி டேஸ்' என்று எடுத்தார். அதில் சிறுகதை சிறுகதையாகவே நின்றது. ஒரு சம்பவம், ஒரு மனிதன், பிறகு மௌனம்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. 1999-ல் 'சித்தி', 2002-ல் 'மெட்டி ஒலி'. கதை வாரத்துக்கு ஒரு நாள் என்பது போய், வாரநாள் தோறும் என்று ஆயிற்று. 'மெட்டி ஒலி'யைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தவிக்கிற தகப்பனார் நம் தெருக்காரர். திருமுருகன் அவர்களைப் பேசவிட்ட பேச்சும் வீட்டுப் பேச்சு. ஆனால் அது 800 பகுதிகளைத் தாண்டி 2005 வரை ஓடியது. ஒரு சண்டை தீருமுன் இன்னொரு சண்டையை மூட்டினால்தானே அத்தனை நாள் ஓட்ட முடியும்? கதாபாத்திரத்தின் சுபாவத்திலிருந்து பிறக்க வேண்டிய துக்கம், நாள்காட்டியின் தேவையிலிருந்து பிறந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் எழுதுகிறவர்களின் திறமைக் குறைவல்ல. தயாரிப்பாளர் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரம் பிடித்துப் போட்ட பணத்தை எடுக்க வேண்டியிருந்தது. விளம்பரம் வருகிற வரையில் கதை சாகக்கூடாது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை எழுதினார். அதுவும் நீண்ட கதைதான். ஆனால் வாசகருக்கு நடுவில் ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளில் அவர் வந்தியத்தேவனோடு வாதாடினார், நந்தினிக்காக யோசித்தார். பாதிக் கதையை அவரே எழுதினார் என்றுகூடச் சொல்லலாம். தினசரித் தொடர் அந்த இடைவெளியைப் பிடுங்கிக்கொண்டது. நினைத்துப் பார்க்க நேரமில்லாத துக்கம் வெறும் சத்தமாகிவிடுகிறது.

இப்போது இன்னும் ஒரு படி போயிருக்கிறோம். பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கத்தில் ஒரு வீட்டை அமைத்து, ஆட்களை உள்ளே விட்டுச் சுற்றிலும் காமிராவை வைத்தார்கள். 2017-ல் 'பிக் பாஸ்' வந்தது. இங்கே கதாசிரியன் என்று ஒருவன் பெயரளவுக்கும் தேவைப்படவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அதற்குக்கூட ஏறக்குறைய நூறு நாள் என்று ஒரு முடிவு வைத்தார்கள். ஜனங்கள் அதை விரும்பியதற்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து ஆவடி வண்டியைப் பிடித்து வீடு சேரும் ஒரு பெண், அடுப்பை இறக்கிவிட்டு அரைமணி உட்காருகிறாள். அன்றைய தினத்தில் அவளுக்கென்று கிடைத்த பொழுது அதுதான். அவளைப் பரிகசிக்க எனக்கு உரிமை இல்லை. அவளுக்காகக் கதை செய்கிறவர்களிடம்தான் என் வழக்கு. 'தொடரும்' போட எவராலும் முடியும். ஒரு வாழ்க்கையின் அர்த்தம் தெரிகிற இடத்தில் துணிந்து 'முற்றும்' போடுகிறவனே கதாசிரியன். அந்தத் துணிவைப் பணம் போடுகிறவர்கள் அவனுக்கு அனுமதிக்க வேண்டும். அனுமதிக்கும்படி நாமும் கேட்க வேண்டும்.