காது மெஷினில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

சென்னை நங்கநல்லூரில் ஓய்வூதியர் வீடுகள் அதிகம். காது மந்தமான பெரியவர்களும் அதனாலேயே அதிகம். ஒரு காது மெஷின் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தவுடன் எதிரே மூன்று வகைக் கருவிகள் வந்து நிற்கும். சட்டைப் பையில் செருகி, ஒயரைக் காதுவரை கொண்டுபோகும் பாக்கெட் மாடல் ஒன்று. காதுக்குப் பின்னால் உட்காரும் பி.டி.இ. இன்னொன்று. மூன்றாவது, ஸ்பீக்கரை மட்டும் மெல்லிய ஒயரில் காதுக்குள் அனுப்பி, போனோடு ப்ளூடூத்தில் இணையும் ஆர்.ஐ.சி. முதல் வகை பெரும்பாலும் அனலாக், சில ஆயிரத்தில் முடிந்துவிடும். கடைசி வகையில் உயர்ந்த மாடலை ஜோடியாக வாங்கினால் லட்சங்களில் போகும். இந்த இடைவெளியைப் பார்த்து மிரண்டுபோன குடும்பம் கேட்பது, “அனலாக் போதுமா, டிஜிட்டல்தான் வாங்கணுமா?” வாங்க வேண்டியது டிஜிட்டல்தான். ஆனால் அந்தப் பெயருக்காகவோ சேனல் எண்ணிக்கைக்காகவோ அல்ல. அவரவர் காதுக்கு ஏற்றபடி அதைத் திருத்தி அமைக்க முடியும் என்ற ஒரே காரணத்துக்காக. அப்படித் திருத்திக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் வாங்கினால் கொடுத்த காசில் பாதி வீண்.

வயதால் வரும் செவிக்குறைபாடு எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற மேல் அதிர்வெண்கள். உயிரொலிகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருப்பதால் அவை காதில் விழுந்துகொண்டே இருக்கும். ச, ஸ, த, க போன்ற மெய்கள் மெலிந்தவை, அவற்றின் அடையாளம் பெரும்பாலும் மேலே இருப்பது. “பால்” என்றாலும் “கால்” என்றாலும் அவருக்கு எட்டுவது “ஆல்” மட்டுமே. “கேக்குது, ஆனா புரியல” என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு அல்ல, துல்லியமான நோய்க்குறிப்பு. இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மெல்லிய ஒலி கேட்காமல் போன காதுக்குப் பலத்த ஒலி மட்டும் பழையபடியே உறைக்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவே உள்ள இடம் சுருங்கிவிடுகிறது. மெதுவாகச் சொன்னால் “என்ன?”, கொஞ்சம் குரலை உயர்த்தினால் “ஏன் கத்தறே?” இந்தச் சண்டைக்குக் காரணம் வீம்பு அல்ல, உட்செவியில் சேதமான மயிர்ச்செல்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாக்கெட் மாடலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, மேலே ஒரு வால்யூம் சக்கரம், பக்கத்தில் எம்.டி.ஓ. என்று மூன்று நிலை ஸ்விட்ச். எம் என்றால் மைக், டி என்றால் போன் ரிசீவரின் காந்த அலையை எடுக்கும் டெலிகாயில், ஓ என்றால் நிறுத்தம். பென்சில் பேட்டரி எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். இவ்வளவும் அதன் பலம். பலவீனம், மைக் இருப்பது காதில் அல்ல, நெஞ்சில். சட்டை உரசும் ஒவ்வொரு முறையும் அந்தச் சரசரப்பு பெருக்கப்பட்டுக் காதுக்கு வரும். ஒயர் வளையும் இடத்தில்தான் முதலில் அறும். சக்கரத்தைத் திருப்பினால் குக்கர் விசில், பேத்தியின் பேச்சு, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் எல்லாமே ஒன்றாகக் கூடும், ஒன்றாகக் குறையும். மலிவான அனலாக் சர்க்யூட் ஒலியின் உச்சத்தை வெட்டிவிடுவதால் பலத்த பேச்சு கரகரப்பாகவும் கேட்கும். சுருங்கிப்போன இடத்துக்குள் பேச்சை அடக்கிக் கொடுக்கும் வேலையை அதனால் செய்ய முடியாது.

டிஜிட்டல் செய்வது அந்த வேலையைத்தான். 1996 வாக்கில் வைடெக்ஸ், ஓட்டிகான் நிறுவனங்களின் முழு டிஜிட்டல் கருவிகள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. ஒலியைச் சேனல்கள் எனப்படும் அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும் உயர்த்தும், இதற்குக் கம்ப்ரஷன் என்று பெயர். காதில் கீச்சென்று ஊளையிடும் ஃபீட்பேக்கைக் கண்டுபிடித்து அழிக்கும். இரண்டு மைக் உள்ள மாடல் முன்னால் பேசுபவருக்கு முன்னுரிமை கொடுக்கும், கல்யாண மண்டபச் சத்தத்தில் உண்மையாக உதவுவது இதுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ மின்விசிறி இரைச்சலின் தொல்லையைக் குறைக்கும். பேச்சைப் புரியவைக்கும் திறன் அதனால் கூடுவது மிகக் குறைவு. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அனலாக் அவ்வளவு மோசம் என்றால் பல பத்தாண்டுகள் உலகமே அதை வைத்துத்தானே கேட்டது? உண்மை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 360 பேரிடம் மூன்று வகை சர்க்யூட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி நடந்த சோதனையின் முடிவு 2000-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. உச்சத்தை வெட்டும் எளிய வகை முதல் கம்ப்ரஷன் வகை வரை மூன்றுமே கணிசமாக உதவின, வகைகளுக்குள் இருந்த வேறுபாடு சிறியது. ஆனால் அங்கே ஒவ்வொரு கருவியும் அந்தந்தக் காதை அளந்து பொருத்தப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் ஊரில் அனலாக் பாக்கெட் மாடல் அட்டைப்பெட்டியிலிருந்து நேராகச் சட்டைப் பைக்குப் போகிறது. பவர் பார்க்காமல் மூக்குக்கண்ணாடி வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இதே வகைச் சான்று விலை உயர்ந்த டிஜிட்டலுக்கு எதிராகவும் திரும்புகிறது. மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழு, இரண்டு பெரிய நிறுவனங்களின் பிரீமியம், பேசிக் மாடல்களை எது எது என்று சொல்லாமல் 25 முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டது. எல்லாக் கருவிகளும் உதவின. பிரீமியத்துக்கும் பேசிக்குக்கும் புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய சோதனைதான். ஆனால் 8 சேனலிலிருந்து 32 சேனலுக்கு ஏறச் சொல்லும் கடைக்காரரிடம் எதிர்ச்சான்று கேட்க இது போதும். மீதமாகும் பணத்தில் இரண்டு காதுக்கும் வாங்குவது, காதுக்கு அளவெடுத்து மோல்டு செய்வது, தேவையான தடவை போய் ட்யூனிங் செய்துகொள்வது புத்திசாலித்தனம். ட்யூனிங் என்றால் “இப்போ எப்படி இருக்கு சார்?” என்று கேட்டு வால்யூமைக் கூட்டுவது மட்டுமல்ல. காதுக்குள் மெல்லிய குழாய் மைக்கை நுழைத்து, செவிப்பறை அருகே எத்தனை டெசிபல் சேருகிறது என்று அளப்பது. இதற்கு ரியல் இயர் மெஷர்மெண்ட் என்று பெயர். “உங்கள் இடத்தில் இது உண்டா?” என்று விற்பவரிடம் விலைக்கு முன்னால் கேளுங்கள்.

சபாக்களுக்குப் போகும் ரசிகர்கள் சொல்லும் ஆட்சேபம் வேறு. டிஜிட்டலில் பாட்டு கெட்டுப்போகிறது என்பார்கள். கெடத்தான் செய்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. புல்லாங்குழலோ நாதஸ்வரமோ ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது ஃபீட்பேக் அழிக்கும் பகுதி அதை ஊளை என்று நினைத்து அழிக்கப் பார்க்கும், ஒலி நடுங்கும். பேச்சுக்காக வடிவமைத்த உள்வாங்கும் பகுதி கச்சேரியின் உச்சத்தைத் தாங்காமல் சிதைக்கவும் கூடும். இதற்கு அனலாக்குக்குத் திரும்ப வேண்டாம். நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்து, ஃபீட்பேக் பகுதியைத் தளர்த்தி, தனியாக ஒரு மியூசிக் புரோகிராம் போட்டுத் தரச் சொன்னால் போதும். பல வருடம் அனலாக்கில் பழகியவர்கள் டிஜிட்டலில் “சத்தமே போதல” என்பதும் இப்படித்தான் தீரும். கம்ப்ரஷனைக் குறைத்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மாற்ற வேண்டும்.

நான் முழுமையாக ஒப்புக்கொள்ளும் ஆட்சேபம் ஒன்றே ஒன்று, கை. பி.டி.இ.க்கான பட்டன் பேட்டரி விரல்நுனியில் அடங்கும் அளவு. ஸ்டிக்கரை உரித்ததும் காற்று பட்டு வேலை செய்யத் தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் முழுதாக நிற்காது. நடுக்கமுள்ள விரலுக்கும் கண்புரை வந்த கண்ணுக்கும் அந்தக் குட்டிக் கதவு பெரிய தண்டனை. அவர்களுக்குச் சார்ஜ் செய்யும் கருவி நல்லது. அதுவும் கட்டுப்படாவிட்டால் பாக்கெட் வடிவத்திலேயே டிஜிட்டல் சர்க்யூட் உள்ளதைத் தேடலாம். படுக்கையில் இருப்பவரிடம் எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் என்றால் அனலாக் பாக்கெட் மாடலே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதுவானாலும் சென்னை வியர்வையில் இரவில் சிலிகா ஜெல் டப்பாவில் வைக்காவிட்டால் ஆயுள் குறையும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் ‘சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்’களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

வாங்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஈ.என்.டி. மருத்துவர், காதில் அழுக்கு அடைத்திருந்தால் அங்கேயே வேலை முடிந்துவிடும். பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) பதிவுள்ள ஆடியாலஜிஸ்ட்டிடம் ஆடியோகிராம். பிறகு அடிப்படை அல்லது நடுத்தர விலை டிஜிட்டல் கருவியை ட்ரையல் கேட்டு, கடையின் அமைதியான அறையில் அல்லாமல் வீட்டில் மிக்ஸி ஓடும் நேரத்தில் போட்டுப் பார்த்தல். மத்திய அரசு ஓய்வூதியர்கள் சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் உச்சவரம்பை வாங்குமுன் விசாரிக்க வேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு ‘அடிப்’, ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ’ திட்டங்கள் இருக்கின்றன, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டில் விசாரிக்கலாம். கடைசியாக, பில்லைப் பாருங்கள். ஹியரிங் எய்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.