‘இல்லை’ கட்டத்தில் ஒரு டிக்

சில வருடங்களுக்கு முன், கீழக்கரைக் கடற்கரையில் ஒரு சாயங்காலம். அறிவியல் தொடர்பியலில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் ஆய்வேட்டுக்காகக் கேள்வித்தாளோடு வந்திருந்தார். ஊர் எனக்குப் பழக்கம் என்பதால் துணைக்குப் போனேன். வலையிலிருந்து பாசியை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அவர் ஏழாவது கேள்வியை வாசித்தார்: ‘பவளப்பாறைகள் வெளிறுதல் குறித்து நீங்கள் அறிந்திருக்கிறீர்களா? ஆம் / இல்லை.’

“இல்லையேம்மா” என்றார் பெரியவர். மாணவி டிக் அடித்தார். தாளைத் திருப்புவதற்குள் பெரியவரே ஆரம்பித்தார்: “பாரு வெளுத்துப்போறதையா கேக்குறீங்க? அப்படிக் கேக்க வேண்டியதுதானே. சித்திரை, வைகாசில காத்து விழுந்து தண்ணி சூடாக் கெடக்கும். அப்ப வெளுக்கும். சிலதுக்குப் பழைய நெறம் திரும்பிரும். திரும்பாததுல பாசி ஏறிரும்.”

மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் நடந்த வெளிறலின் சாரம் இந்த நாலு வரியில் இருக்கிறது. பவள உயிரியின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பங்கு உணவும் தருகிறது, கடல் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடுகிறது என்ற ஒரு தகவல்தான் அதில் இல்லை. அது மாணவிக்குத் தெரியும். இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் விஷயம் முழுமையாகியிருக்கும். ஆனால் இன்னும் பதினான்கு கேள்விகள் பாக்கி இருந்தன.

அறிவியல் தொடர்பியல் படிப்பைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. 1985இல் வால்டர் போட்மர் தலைமையில் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, பொதுமக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், அதற்கு விஞ்ஞானிகள் பேசக் கற்க வேண்டும் என்றது. 1991இல் இம்பீரியல் கல்லூரியில் முதுகலைப் படிப்பு வந்தது. இந்தியாவில் மத்திய அரசு 1982லேயே இதற்கென ஒரு தேசியக் குழுவை அமைத்திருந்தது. லக்னோ, இந்தூர் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் படிப்புகள் வந்தன. நமக்குப் பக்கத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், ‘இதழியல் மற்றும் அறிவியல் தொடர்பியல்’ என்ற பெயரிலேயே ஒரு துறை உண்டு.

இந்தப் படிப்பு நன்றாகக் கற்றுத் தருவது எழுத்து நடையை அல்ல; ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் பழக்கத்தை. எங்கே அளந்தார்கள், எத்தனை மாதிரி, யார் பணம் கொடுத்தார்கள், முடிவு எவ்வளவு உறுதி என்று கேட்கும் பழக்கம். இந்தக் கரையில் அதற்கு எவ்வளவு தேவை என்பதற்குப் ‘பெப்சி பாசி’ ஒன்று போதும். வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசிக்கு இங்கே அந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம், அதை வளர்க்கவைத்து வாங்கிய கம்பெனி. மண்டபம் பக்கத்துப் பெண்களுக்கு அது கையில் காசு தந்தது. குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுகிறது என்று 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு செய்தியாளர் முதலாவதை மட்டும் எழுதினால் அது வாழ்வாதாரப் புரட்சி. இரண்டாவதை மட்டும் எழுதினால் கடலைத் தின்னும் அரக்கன். இரண்டும் உண்மை, ஆனால் வேறு வேறு இடத்தில், வேறு வேறு அளவில் என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு ஒழுங்கான பயிற்சி தேவை. வக்கீலாக இருந்துகொண்டே தமிழில் அறிவியல் எழுதிக் குவித்த பெ.நா. அப்புசுவாமிக்கு இந்தப் பட்டம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். இல்லைதான். அப்படி ஒருவர் வரும்வரை நாம் காத்திருக்க முடியாது.

குறை எங்கே இருக்கிறது என்றால், ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லில். எதிரே உட்கார்ந்திருப்பவர் தூங்குகிறார் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்ட சொல் அது. விடிவதற்குள் எழுந்து காற்றுப் பார்த்துக் கடலுக்குப் போகிறவனுக்கு, பகல் பதினொரு மணிக்கு வந்து முகாம் நடத்துகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், பாடத்திட்டத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது. மக்களிடம் அறிவு குறைவு, ஊற்றி நிரப்பினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்குப் ‘பற்றாக்குறைக் கோட்பாடு’ என்று பெயர் வைத்து, அது தவறு என்று முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கூடவே பிரையன் வின் எழுதிய கம்ப்ரியா ஆட்டுக்காரர்கள் கதையும் வரும். 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்த பிறகு பெய்த மழையில் இங்கிலாந்தின் அந்த மலைமேய்ச்சல்களில் கதிரியக்க சீசியம் இறங்கியது. ஆடு விற்கத் தடை. மூன்று வாரத்தில் சரியாகும் என்றார்கள் விஞ்ஞானிகள். களிமண்ணில் சீசியம் ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும் என்பது கணக்கு. மலையில் இருந்ததோ புளிப்பு ஏறிய கரிமண். சீசியம் அடங்காமல் புல் வழியாக ஆட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசித் தடை நீங்கியது 2012இல். நடுவில், மண்ணில் ஒரு தாதுவைத் தூவிப் பார்க்க ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். மலையில் அலைந்து மேய்ந்த ஆடு அடைபட்டால் தேறாது, கணக்கே தப்பாகும் என்று ஆட்டுக்காரர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சோதனை பிறகு கைவிடப்பட்டது. நம் மாணவி இதைத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியவர்தான். எழுதிவிட்டு, வேலி போட்ட கேள்வித்தாளோடு கீழக்கரைக்கு வந்தார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் தயாராகித் தமிழுக்கு வந்தது, ஆய்வேடும் ஆங்கிலத்தில்தான். தமிழ் அங்கே உள்ளடக்கம் அல்ல, கடைசியில் ஒட்டும் லேபிள். ‘பவளப்பாறை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உயிர் என்று சொல்லிக்கொண்டே பாறை என்று பெயர் வைத்திருக்கிறோம். பாறையைத்தான் சுண்ணாம்புக்கு வெட்டினார்கள். கீழக்கரைக் கூட்டத்தீவுகளில் ஒன்றான பூவரசன்பட்டி கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கடற்காரர் சொல்லும் ‘பார்’ மீன் அடையும் இடம், முத்துச்சிப்பி விளைந்த இடம். அதில் உயிர் நடமாட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

கேட்பவரின் சொல்லுக்கு இறங்கிப் போவது இந்த ஊருக்குப் புதிய பாடமும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வியில் மார்க்க நூல்கள் எழுதினார். வாசிப்பவருக்கு எந்த எழுத்து கைவசம் இருக்கிறதோ அந்த எழுத்துக்கு எழுதுகிறவர் போனார்.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. கடலட்டை 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. இலங்கைப் பக்கம் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். “அங்க உள்ள அட்டை வேற சாதியா?” என்று இங்கே கேட்பவர் அறியாமையில் கேட்கவில்லை, கொள்கையைக் கேள்வி கேட்கிறார். கணக்கெடுப்பு எங்கே, எத்தனை இனம் அருகிவிட்டது, எல்லா இனத்துக்கும் ஏன் ஒரே தடை என்பது அதன் பொருள். விழிப்புணர்வுத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பட்டதாரியிடம் இதற்குப் பதில் இருக்காது. கடலட்டை கடலடி மண்ணைத் தின்று சுத்தம் செய்கிறது என்ற துண்டுப்பிரசுரம்தான் இருக்கும். துண்டுப்பிரசுரம் சொல்வது சரிதான். கேட்ட கேள்விக்குப் பதில்தான் அதில் இல்லை. சம்பளம் கொடுப்பவர் தரப்பிலிருந்து பேசப் படிப்பு பழக்குகிறது. அந்தத் தரப்பிடமே திரும்பிக் கேட்கப் பழக்குவதில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 மீனவர்களுக்கான சமூக வானொலி. கடற்கரைக்காரர்களே அதில் பேசுகிறார்கள். அந்தப் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் சின்னப்பாலத்துக்காரர் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவம் முழுக்க இங்கே உட்கார்ந்து, எந்தத் தகவல் எப்படி முடிவாக மாறியது என்று எழுதினால் அது ஆய்வேடு. இருபத்தோரு கேள்வியை இரண்டு நாளில் முடிப்பதை வேறு ஏதாவது பெயரில் அழைக்கலாம்.

மாணவி அந்த டிக்கை மாற்ற விரும்பினார். வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை: எல்லோரிடமும் ஒரே சொல்லில் கேட்டால்தான் ஒப்பிட முடியும். முறையியல்படி அவர் சொன்னது சரி. இதுதான் எனக்குச் சங்கடம். தைத்துக் கட்டிய பிரதியைப் பிறகு பார்த்தேன். அட்டவணையில் பெரியவர் ‘அறியாதோர்’ பத்தியிலேயே இருந்தார். அவர் சொன்ன நாலு வரி கடைசிப் பின்னிணைப்பில், ஆங்கிலத்தில். ‘பார்’ என்ற சொல் அதில் இல்லை.