ஃபெனிஸ் முறை: ஒரு மதிப்பீடு

எலும்புக்கூட்டின் பாலினத்தை அறியும் முறைகளில், 1969-இல் டி. டபிள்யூ. ஃபெனிஸ் வெளியிட்டதற்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்கு அது தகுதியானதே. ஆனால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 95 சதவீதத்தைத் தாண்டிய துல்லியம், உறுதியானதல்ல.

அதன் உண்மையான பெருமை எலும்பைத் தேர்ந்ததில் இருக்கிறது. மண்டையோடு காட்டுவது பெரும்பாலும் பருமனையும் முரட்டுத்தன்மையையும்தான். அவை இனக்குழுவுக்கு இனக்குழு, வயதுக்கு வயது மாறும். இடுப்பின் முன்புறமுள்ள பியூபிஸ் எலும்பின் வேறுபாடோ மகப்பேற்றுப் பாதையின் அமைப்போடு பிணைந்தது. அதில் மூன்று கூறுகளை ஃபெனிஸ் பிரித்துக் காட்டினார்: முன்புறத்து வில் போன்ற மேடு, அடி விளிம்பின் உட்குழிவு, உள்விளிம்பின் கூர்மை. முதல் இரண்டும் பெண்ணிடம் தெளிவாகத் தெரியும். மூன்றாவது பெண்ணிடம் கூராகவும் ஆணிடம் அகன்று தட்டையாகவும் இருக்கும். தேர்ந்த கண்ணின் அனுபவமாக மட்டுமே இருந்ததைப் பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய வரையறையாக்கியது பெரிய சாதனை.

சோதித்தபோது எண் நிலைக்கவில்லை. ஃபெனிஸ் பார்த்தவை டெர்ரி சேகரிப்பின் 275 எலும்புக்கூடுகள். முறையை வகுத்தவரும் அதை அளந்தவரும் ஒருவரே. 1989-இல் லவெல் செய்த சோதனையில் துல்லியம் 83 சதவீதம். முதியோரிடம் அது குறைவதற்கான அறிகுறியும் தெரிந்தது. மறு ஆண்டு மெக்லாக்லினும் புரூசும் ஐரோப்பியத் தொகுப்புகளைப் பார்த்தபோது, ஸ்காட்லாந்து எலும்புகளில் 59 சதவீதமே கிடைத்தது. நாணயம் சுண்டுவதைவிட அதிகம் மேலானதல்ல அது.

குறை கூறுகளில் இல்லை, தீர்ப்பு சொல்லும் விதத்தில் இருக்கிறது. மூன்றில் தெளிவானதை நம்பி ஆண் அல்லது பெண் என்று முடிவெடுக்கச் சொல்கிறது முறை. இடைப்பட்ட வடிவங்களுக்கு அதில் இடமில்லை. 2012-இல் கிளேல்ஸ் குழுவினர் ஒவ்வொரு கூறுக்கும் ஐந்து படிநிலை வகுத்து, முடிவை நிகழ்தகவாகத் தந்தது சரியான திருத்தம். எனினும் இரண்டு எல்லைகளை அதுவும் கடக்கவில்லை. பருவமடையாதோரிடம் இக்கூறுகள் உருவாகியிருப்பதில்லை. புதைகுழியில் விரைவில் சிதைவதும் இதே மென்மையான எலும்புதான். அங்கே பற்சிப்பியின் அமெலோஜெனின் புரதத்துக்கோ மரபணுவுக்கோதான் போக வேண்டும்.

எலும்பு முழுதாகக் கிடைத்த வயதுவந்தோருக்கு ஃபெனிஸின் கூறுகளையே முதலில் பார்க்கலாம். மூன்றின் மதிப்பெண்ணையும் நிகழ்தகவையும் தராமல், ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் எழுதும் அகழாய்வு அறிக்கையை ஏற்க வேண்டியதில்லை.