மறைந்து நின்று எய்தல்: கடின ஆட்டங்களும் எளிய உத்திகளும்

முன்னுரை

காணொளி விளையாட்டையும் ஒரு பனுவலாகக் கொண்டு ஆராயும் போக்கு மேலைப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. எஸ்பென் ஆர்செத் எழுதிய 'சைபர்டெக்ஸ்ட்' என்னும் நூல் 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. வாசகர் தம் உழைப்பைத் தந்தாலன்றி நகராத பனுவல்களை அந்நூல் ஒரு தனி வகையாகப் பிரித்துக் காட்டிற்று. தமிழில் இத்தகைய ஆய்வு இன்னும் அருகியே காணப்படுகிறது. இக்கட்டுரை அத்துறையின் ஒரு சிறு சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

வெல்வதற்கு அரியதெனப் பெயர்பெற்ற ஓர் ஆட்டத்தை, உருவாக்குநர் எதிர்பார்த்த வண்ணம் போராடி வெல்லாமல், அதன் அமைப்பிலுள்ள ஓர் ஓட்டையையோ அளவுக்கு மீறிய வலிமை வாய்ந்த ஒரு கருவியையோ கொண்டு வென்றவர் அவ்வாட்டத்தை உண்மையில் ஆடியவர் ஆவாரா என்பதே அச்சிக்கல். இவ்வாறு வெல்வதை ஆட்டக்காரர்கள் 'சீஸ்' செய்தல் என்பர். பாலாடைக்கட்டியின் பெயர் இதற்கு வந்து சேர்ந்த கதை நமக்குத் தேவையில்லை. இகழ்ச்சிக் குறிப்புடைய சொல் என்று அறிந்தால் போதும்.

பலர் எதிரெதிர் நின்று ஆடும் ஆட்டங்களை இங்கு விலக்கி வைக்கிறேன். அங்கே ஒருவர் பெறும் முறையற்ற ஆதாயம் இன்னொருவரின் இழப்பு. அதில் விவாதிக்க மிகுதியாக ஒன்றுமில்லை. தனியொருவர் ஆடும் ஆட்டத்திலோ ஏமாற்றப்படுபவர் எவருமில்லை. அங்ஙனமிருந்தும் சினம் எழுகிறது என்பதுதான் ஆராயத்தக்கது. பெரும்பாலோர் இதனை ஆடுநரின் ஒழுக்கம் பற்றிய வினாவாகவே காண்கின்றனர். என் கருத்தில் இது பனுவலைப் பற்றிய வினா. எளிய உத்தி எதைத் தாண்டிச் செல்கிறது, தாண்டப்பட்டது அவ்வாட்டத்தின் உயிர்ப்பகுதியா என்று கேட்கும்போதுதான் திறனாய்வு தொடங்குகிறது.

திடலே விதியாகும்போது

டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹுய்சிங்கா, 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் ஏமாற்றுபவரையும் ஆட்டத்தைக் கலைப்பவரையும் வேறுபடுத்தினார். ஏமாற்றுபவர் விதியை மதிப்பதுபோல் நடிக்கவாவது செய்கிறார். கலைப்பவரோ ஆட்டமென்னும் உலகையே உடைத்து விடுகிறார். ஆதலால் சமூகம் முன்னவரைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குப் பின்னவரைப் பொறுப்பதில்லை என்பது அவர் கூற்று. பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் 'தி கிராஸ்ஹாப்பர்' என்னும் நூலில், தேவையற்ற தடைகளைத் தாமாக விரும்பி ஏற்று வெல்ல முயல்வதே விளையாட்டு என்று வரையறுத்தார். ஓட்டப் பந்தயத்தில் திடலின் குறுக்கே ஓடினால் எல்லைக் கோட்டை விரைவில் அடையலாம். ஓடுபவர் அதைச் செய்வதில்லை. செய்தால் அது பந்தயமாகாது.

ஆயினும் இக்கருத்தைக் காணொளி விளையாட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஓட்டத் திடலில் விதி வேறு, தரை வேறு. குறுக்கே ஓடத் தரை தடை செய்வதில்லை. விதிதான் தடை செய்கிறது. காணொளி விளையாட்டிலோ நிரலே தரை, நிரலே விதி. சுவரைக் கடக்கலாகாது என்று எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. சுவர் கடக்க இடந்தருவதில்லை, அவ்வளவே. அப்படியாயின் ஓரிடத்தில் சுவர் கடக்க இடந்தந்துவிட்டால் அது அனுமதியா, பிழையா? ஆர்செத் 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில், வொல்ஃப்காங் ஈசரின் 'உட்கிடை வாசகர்' என்னும் கருத்தாக்கத்தைத் தழுவி 'உட்கிடை ஆடுநர்' பற்றிப் பேசுகிறார். ஒவ்வோர் ஆட்டமும் தன்னை இன்ன விதமாக ஆடும் ஒருவரைக் கற்பித்துக்கொள்கிறது. மீறி ஆடுபவர் அந்தக் கற்பிதத்துக்கு அடங்க மறுக்கிறார். விதிமீறல் என்ற சொல்லைவிட இது நுட்பமான விளக்கம் என்பேன்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் கிட்கிந்தா காண்டம் நினைவுக்கு வருவது இயல்பு. எதிர்நின்று பொருபவரின் வலிமையில் பாதியைத் தனதாக்கிக்கொள்ளும் வரம் பெற்றவன் வாலி. நேர்நின்று வெல்லவியலாதபடி அமைக்கப்பட்ட எதிரி அவன், இராமன் நேர்நிற்கவில்லை. வரத்தின் வரையறைக்குள்ளேயே அதன் ஓட்டை இருந்தது. கம்பர் இதை எளிதாகக் கடந்து போய்விடவில்லை. வீழ்ந்த வாலியை நெடுநேரம் பேச வைக்கிறார். மறைந்து நின்றது ஏன் என்ற வினாவுக்கு விடையை இராமன் வாயிலன்றி இலக்குவன் வாயில் வைக்கிறார். எய்தவன் அமைதி காக்க, உடனிருந்தவன் வாதாடுகிறான். எளிய உத்திகள் பற்றிய இன்றைய வழக்குகளிலும் இதே நிலையை ஓரளவு காணலாம். வென்றவர் அடுத்த கட்டத்திற்குச் சென்றுவிடுகிறார், வழக்காடுவோர் பிறர்.

இரண்டு அரக்கர்கள்

ஹிடெடாகா மியசாக்கியின் இயக்கத்தில் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' கடினத்திற்குப் பெயர்போனது. அதன் தொடக்கப் பகுதிகளில் வரும் இரண்டு எதிரிகளை ஒப்பிட்டு நோக்கலாம்.

முதலாவது டாரஸ் அரக்கன். கோட்டை மதிலின் குறுகிய நடைபாதையில் அவன் எதிர்ப்படுகிறான். அருகிலுள்ள கோபுரத்தில் ஏறி, அங்கிருந்து அவன் தலைமேல் பாய்ந்து வாளை இறக்கினால் பெருஞ்சேதம் விளையும். இப்பாய்ச்சலுக்கான வாய்ப்பை ஆட்டத்தின் முதற்பகுதியே, அங்கு வரும் முதல் அரக்கனைக் கொண்டு வழங்கிவிடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. அவனை மதிலின் ஓரத்திற்கு ஈர்த்தால் தானே தவறிக் கீழே விழுந்து மடிவான். வாளோச்சும் திறன் சிறிதும் வேண்டியதில்லை.

இரண்டாவது காப்ரா அரக்கன். மிகக் குறுகிய முற்றம். உள்ளே நுழைந்தவுடன் அவனும் இரு நாய்களும் ஒருசேரப் பாய்கின்றனர். எதிரி இன்னதென்று அறியும் முன்னரே மாண்டவர் பலர். ஆடுநர் சிலர் உள்ளே செல்லாமலே, வெளியில் நின்று தீக்குண்டுகளைச் சுவருக்கு மேலாக எறிந்து அவனைக் கொன்றனர். அரக்கன் இவர்களைக் காணவே இல்லை.

முன்னது உருவாக்குநர் வைத்த உத்தி, பின்னது அவர் காணாது விட்ட ஓட்டை என்று பிரிப்பது வழக்கம். ஆடுநரின் பக்கம் நின்று பார்த்தால் இப்பிரிவு மங்கிவிடுகிறது. இரண்டிலும் அவர் செய்வது ஒன்றே: இடத்தை உற்றுநோக்கி, நேர்மோதலைத் தவிர்க்கிறார். 'டார்க் சோல்ஸ்' அவரைப் பயிற்றுவிப்பதும் அதற்கே. மூலையைத் திரும்புமுன் எட்டிப் பார், பாலத்தை நம்பாதே, உயரமான இடம் உன் படைக்கலம் என்று அது ஒவ்வோர் அடியிலும் கற்பிக்கிறது. அங்ஙனம் கற்பித்த பனுவல், கற்றதை ஆசிரியர் எதிர்பாராத இடத்தில் பயன்படுத்திய மாணவரைக் குறை கூற இயலாது. தீக்குண்டு எறிந்தவர் அப்பனுவலின் மிகச் சிறந்த வாசகர் என்றே கொள்ளத் தோன்றுகிறது. முற்றத்துப் போரோ, என் மதிப்பீட்டில், தாண்டிச் செல்லப்பட்டதால் பெரிதாக எதையும் இழக்காத போர். அதன் கடினம் இட நெருக்கடியிலிருந்தும் பார்வைக் குழப்பத்திலிருந்தும் பிறந்ததேயன்றி எதிரியின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. சுவருக்கு மேல் பறந்த தீக்குண்டு அக்குறையைச் சுட்டும் ஒரு விமர்சனமும் ஆகும்.

அதே ஆட்டத்தில் பாலத்தைக் காக்கும் ஒரு பறவைநாகம் உண்டு. பாலத்தின் கீழே பாதுகாப்பாக நின்று அதன் வாலை அம்புகளால் எய்துகொண்டேயிருந்தால் வால் அறுந்து ஒரு வாள் கிடைக்கும். தொடக்க நிலைக்கு அது மிகப் பெரிய படைக்கலம். ஆனால் ஆடுநரின் ஆற்றல் வளர வளரப் பிற வாள்கள் வலுப்பெறுவதுபோல் இது வலுப்பெறுவதில்லை. ஒரு கட்டத்தில் கைவிட வேண்டியதாகிறது. எளிய வழியைத் தந்து அதற்குரிய விலையையும் ஆட்டத்திற்குள்ளேயே வைத்த இவ்வமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டாக வேண்டும். தீக்குண்டு வழியைக் கண்டுபிடித்தவரும், யாரோ பதிவுசெய்த காட்சியைப் பார்த்து அதை அப்படியே செய்தவரும் ஒரு நிலையினர் அல்லர். மூலநூலைத் திறவாது வினாவிடைத் தொகுப்பை மட்டும் படித்துத் தேர்வில் தேறும் மாணவர் நமக்குப் புதியவர் அல்லர். அவர் குற்றவாளி என்று நான் கூறவில்லை. அந்நூலைப் பற்றி அவரிடம் கேட்க எதுவும் இல்லை என்பதே செய்தி.

சந்தம் இழந்த பாடல்

இதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'செகிரோ' வேறு வகையானது. அதில் எதிரியின் வாள் வந்து தொடும் கணத்தில் தன் வாளை உயர்த்தித் தடுப்பதே அடிப்படை. அத்தடுப்புகளின் வரிசையே எதிரியின் நிலைகுலைவை உண்டாக்குகிறது. அவ்வாண்டு ஒரு விளையாட்டு இதழின் எழுத்தாளர், இறுதிப் போரை ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் புறநிரலின் துணையால் வென்றதை வெளிப்படையாக எழுதினார். தம்மையே ஏமாற்றிக்கொண்டார் என்ற கண்டனம் எழுந்து, பின் அக்கண்டனமே கேலிப்பொருளாயிற்று.

அவர் ஒளிக்கவில்லை, ஆகவே நேர்மை பற்றிய குற்றச்சாட்டு நிற்காது. ஆட்டத்தைப் பற்றி எழுத அவருக்கு உரிமையில்லை என்பதும் பொருந்தாது. ஆனால் ஒரு வரம்பு உண்டு. 'செகிரோ'வின் உயிர் அதன் தாளம். வேகத்தைக் குறைத்தால் அசைவுகள் எஞ்சும், தாளம் எஞ்சாது. திருப்புகழை உரைநடைச் சுருக்கமாகப் படித்தவர் அதன் கருத்தைப் பேசலாம். சந்தத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறினால் நாம் ஏற்போமா? முற்றத்துப் போரைத் தாண்டியவர் ஓர் அலங்கோலத்தைத் தாண்டினார். இவரோ பாடலையே தாண்டினார்.

இதற்கு மறுதலையாக, 2018இல் வெளிவந்த 'செலெஸ்ட்' வேகத்தைக் குறைக்கும் வசதியைத் தன் பட்டியலிலேயே வைத்திருக்கிறது; சாவே நேராதபடி அமைத்துக்கொள்ளவும் அது இடந்தருகிறது. செயல் ஒன்றே. ஓரிடத்தில் அது பனுவலுக்கு வெளியே, மற்றோரிடத்தில் உள்ளே. கைவிரல்கள் விரைந்து இயங்காத உடல்நிலை கொண்டோருக்கு இவ்வேறுபாடு வெறும் கோட்பாடன்று. 'செகிரோ'வின் தாளம் குலையாமல் அவர்களை உள்ளே அழைக்க வழியுண்டா என்பது உருவாக்குநர் விடைகாண வேண்டிய வினா. அவ்வழி திறக்கப்படாத வரை, புறநிரலை நாடுவோரை இகழ்பவர் எதைக் காப்பதாக எண்ணுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பாடபேதங்கள்

பிழை காலப்போக்கில் மரபாவதும் உண்டு. டாய்ட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், படையெடுப்போரைக் கடைசி வரிசைவரை இறங்கவிட்டால் அவர்களுடைய குண்டுகள் ஆடுநரின் பீரங்கியைத் தாக்குவதில்லை. ஜப்பானிய ஆடுநர் இதைக் கண்டறிந்து நகோயா நகரின் பெயரால் அழைத்தனர். ஒரு கணம் பிந்தினாலும் படையெடுப்போர் தரையைத் தொட்டு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் அது துணிச்சலுக்குரிய உத்தியாகவே போற்றப்பட்டது. 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்தில் அடிகளைத் தொடுத்து அடிக்கும் முறையும் திட்டமிடப்படாத ஒன்றே. பிற்காலச் சண்டை ஆட்டங்கள் அதன்மீது எழுப்பப்பட்டன. இடைச்செருகல் நூலின் மைய அதிகாரமாகிவிட்டது எனலாம்.

இன்று நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. 'எல்டன் ரிங்' 2022 பிப்ரவரி 25இல் வெளிவந்தது. ஆடுநரின் உருவையே எடுத்துத் துணைநின்று போரிடும் ஓர் ஆவியும், தரையை உதைத்து உறைபனி பரப்பும் ஓர் உத்தியும் அதில் மிகை வலிமையோடு இருந்தன. மார்ச் 17இல் வந்த 1.03 திருத்தத்தில் இரண்டும் வலுக்குறைக்கப்பட்டன. துணை ஆவிகள் அவ்வாட்டத்தின் உருவாக்குநர் தாமே வகுத்துத் தந்தவை. அவற்றை அழைப்பதே இழுக்கு என்று ஆடுநரில் ஒரு சாரார் கருதியது வேறு கதை. ஆசிரியரின் சட்டத்தைவிட வாசகரின் சட்டம் கடுமையாக இருப்பது சமயநூல்களிலும் கண்டதே.

திறனாய்வாளருக்கு இங்கு எழும் இடர், ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்க்குப் புதிதன்று. முதல் இருபது நாள்களில் வென்றவரும் பின்னர் வென்றவரும் வேறுவேறு பாடங்களை வாசித்தவர்கள். 1998இல் வந்த 'ஒக்கரீனா ஆஃப் டைம்' ஆட்டத்திற்கு 1.0, 1.1, 1.2 என மூன்று பாடங்கள் உண்டு. பின்வந்தவற்றில் நீக்கப்பட்ட பிழைகளுக்காகவே முதற்பாடத்தைத் தேடி ஆடியவர் உளர். எந்தப் பாடம், எந்த உத்தி என்ற இரண்டையும் குறிக்காமல் 'எல்டன் ரிங்' கடினமானது என்றோ எளிதானது என்றோ எழுதப்படும் மதிப்புரை, எந்தச் சுவடியைப் பார்த்தார் என்று சொல்லாத பதிப்பாசிரியரின் முன்னுரையைப் போன்றது. வெளியான முதற்கிழமையில் எழுதப்பட்ட மதிப்புரைகள் அந்த ஆவியை எந்த நிலையில் கண்டு எழுதப்பட்டவை என்பதை, நாள் பார்த்துத்தான் இனி அறிந்துகொள்ள வேண்டும்.