சேக்கிழார் காட்டும் அருச்சகர்

தாம்பரத்திற்கு வடமேற்கேயுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில் அருச்சகரை இழித்துரைத்தாரல்லர். சுந்தரர் வழிநின்று, 'முப்போதும் திருமேனி தீண்டுவார்' எனத் தொகையடியாருள் வைத்துப் போற்றினார். எனினும், கண்ணப்பர் வரலாற்றில் ஆகமம் வல்ல சிவகோசரியாரை இறைவன் மறைந்து நின்று காணச் செய்கின்றான். வேடர் கண்ணிடந்தப்பும் அன்பின்முன் அருச்சகர் மாணவராகின்றார். திருநாளைப்போவார் வரலாறோ வேறு. தில்லைவாழந்தணர் அமைத்த தீயில் மூழ்கி, முப்புரிநூலுடன் முனிவராய் எழுந்த பின்னரே அவர் அம்பலம் புகுகின்றார். முன்னதில் அன்பு குலத்தை வென்றது. பின்னதில் அவ்வன்பே குலக்கோலம் பூண நேர்ந்தது. காளத்தி காட்டுமலை, தில்லையோ சோழர் பொன்வேய்ந்த அம்பலம். இடவேறுபாடே இதற்குக் காரணமாதல் கூடும். சேக்கிழாரைச் சாதி கடந்தவர் என்றே புகழ்வார், இவ்விரு வரலாறுகளையும் ஒருங்குவைத்து ஆராய்தல் கடன்.